பாட்டு விழப்போகுது

நெடுந்தீவு கிழக்கு,
11.02.2024

அன்பின் தங்கச்சி நிலாந்தினிக்கு,

இங்கே முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கின்றன. கண்டிக் குளிரில் உமது இருமல் எப்படி? நான் அனுப்பிய பனங்கற்கண்டு வயிற்றுக்குள் போனதா, அலுமாரிக்குள் கிடக்கிறதா?

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று போனமுறையும் கேட்டிருந்தீர். இந்தத் தீவின் தபாற்கந்தோரில் முத்திரை குத்தியே தலை நரைத்தவன் நான். இளைப்பாறிய பிறகு போய்ப் பார்த்தால் பையில் வங்கிக் கடிதங்களும் கட்டணச் சீட்டுகளும்தான் வருகின்றன. குடும்பக் கடிதம் ஒன்றாவது வந்து போகட்டும். அண்ணனின் பைத்தியம் என்று பொறுத்துக்கொள்ளும்.

விசேஷம் என்னவென்றால், மூன்றாவது கிராமபோனும் வந்து சேர்ந்துவிட்டது. ஊர்காவற்றுறையில் சவிரிமுத்து என்பவரின் வீட்டில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. முதல் இரண்டும் மூடி வைக்கிற பெட்டிகள். இது ஊமத்தம்பூப் போல விரிந்த பித்தளைக் குழலுடன் கூடியது. மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். பக்கத்தில் உள்ள கைபிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும். அது தளரத் தளரத் தட்டுச் சுழலும்.

குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறி, குழலை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மனிசி, "என்ன ஐயா, கோயிலுக்கு லவுட்ஸ்பீக்கரே?" என்று கேட்டார்.

"இல்லைப் பிள்ளை, இது கரண்ட் இல்லாமல் பாடும்."

"அப்ப எங்கட மனிசன் மாதிரி. அவருக்கும் ஒண்டும் தேவையில்லை, விடிய எழும்பினவுடன தொடங்கிடுவார்."

லோஞ்ச் முழுக்கச் சிரிப்பு. கடல் தண்ணீர் அடித்த நேரம் அந்த மனிசியே தன் குடையை விரித்துக் குழலுக்குப் பிடித்தார். எனக்குப் பிடிக்கவில்லை, நான் நனைந்துகொண்டே வந்தேன்.

ஒரு குறை மட்டும் உண்டு. இது ஒற்றை ஆளால் ஆகிற காரியம் அல்ல. பாட்டு முடிவதற்குள் வில் தளர்ந்துவிடும். பாடுகிறவளின் குரல் இறங்கி ஆண்குரலாகி, பிறகு மாட்டின் குரலாகி, விழுந்துவிடும். ஒருவர் ஊசியைப் பார்க்க, மற்றவர் நடுவில் சாவி கொடுக்க வேண்டும். இரண்டு பேர் கட்டாயம்.

அது கிடக்க, உம்முடைய விசயம் என்ன மாதிரி? பௌதிகத் துறையில் ஒருவர் இருக்கிறார், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர் என்று உமது சிநேகிதி சொன்னாரே. யோசித்துப் பாரும். நீர் ஒரு கரை சேர்ந்தால்தான் எனக்கும் கை கால் அசையும்.

இறங்குதுறையில் தபாற்பையைப் பார்த்து நிற்கும்,
அண்ணன் குருபரன்


பேராதனை,
04.03.2024

அன்பின் அண்ணைக்கு,

இருமல் போய்விட்டது. பனங்கற்கண்டும் முடிந்துவிட்டது. முழங்காலுக்கு வைத்தியரைப் பாருங்கள். எண்ணெய் பூசினால் போதும் என்று மறுபடியும் எழுத வேண்டாம்.

தனி மனிதர் ஒருவருக்கு மூன்று கிராமபோன் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் தட்டுகள் எதனால் செய்யப்பட்டவை என்பதைத் தேடிப் பார்த்தேன். பழைய தட்டுகளில் முக்கால் பங்கு கல் தூள். அதை ஒட்டி வைத்திருப்பது அரக்கு, மரத்தில் இருக்கும் ஒரு பூச்சி கக்குகிற பிசின். ஆகவே உங்கள் பாட்டுக்காரி பாடுவது பூச்சிப் பிசினுக்கும் கல்லுக்கும் இடையில் இருந்து. இதை நீங்கள் ரசிப்பீர்கள் என்று தெரியும்.

பௌதிகத் துறையில் உள்ளவர் நல்ல மனிதர்தான். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். எனக்கு நாற்பத்தொன்பது வயது. கலியாணம் கட்டுவதில்லை என்று முப்பது வயதிலேயே தீர்மானித்தேன், அதைப் பலமுறை உங்களிடம் சொல்லியும் இருக்கிறேன். இதை எத்தனையாவது தடவையாக எழுதுகிறேனோ தெரியாது. என் கரை எனக்குக் கிடைத்து வெகுகாலம்.

உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் உதைக்கிறது. இரண்டு பேர் கட்டாயம் என்கிறீர்கள். வீட்டில் நீங்கள் ஒருவர். அப்படியானால் சாவி கொடுப்பது யார்?

அன்புடன்,
நிலாந்தினி


நெடுந்தீவு கிழக்கு,
29.03.2024

அன்பின் தங்கச்சிக்கு,

நீர் சுகம் என்று அறிந்து சந்தோஷம். முழங்காலுக்கு எண்ணெய் பூசினேன். எழுத வேண்டாம் என்றுதான் சொன்னீர், பூச வேண்டாம் என்று சொல்லவில்லை.

பறுவத்தன்று முழுநிலவில் முற்றத்தில் பாய் விரித்து மூன்று பெட்டிகளையும் வைத்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள். பக்கத்து வளவு அன்னபூரணம் மாமி கதிரையோடு வந்தார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, வாய்க்கு மட்டும் இருபது. முதல் பாட்டு ஒரு பழைய நாடகப் பாட்டு. மாமி இரண்டு வரி கேட்டார்.

"தம்பி, இவள் என்னத்துக்கு இப்பிடிக் கத்துறாள்?"

"அந்தக் காலத்தில மைக் இல்லை மாமி. குழலுக்குள்ள தலையை விட்டுக் கத்தினால்தான் தட்டில பதியும்."

"அப்ப என்னைப் பதிஞ்சிருந்தால் குழலே தேவைப்பட்டிராது."

அடுத்த பாட்டுக்கு மட்டக்குதிரை ஒன்று கல்மதிலுக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. பாட்டு முடிந்ததும் போய்விட்டது. இருக்கிற ரசிகர்களில் காசு கேட்காமல், தேத்தண்ணி கேட்காமல் போனது அதுதான்.

இரும்பு ஊசி தட்டைத் தேய்க்கிறது. ஆகவே நாகதாளி முள்ளைக் காய வைத்துக் கூராக்கிப் போட்டுப் பார்த்தோம். சத்தம் குறைவு, ஆனால் குரல் வெண்ணெய் மாதிரி. நெடுந்தீவில் முள்ளுக்குப் பஞ்சமில்லை என்பது உமக்குத் தெரியும்.

சவிரிமுத்து வீட்டுத் தட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஸ்பிறிற் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று வரும் என்று ஒரு யோசனை. நீர் இரசாயனம் படிப்பிக்கிறவர். சரிதானே?

வேறு விசேஷம் இல்லை. எங்கள் மருத்துவமாது ஜசிந்தா மிஸ் போன வருடம் இளைப்பாறியவர். மண்டைதீவில் தங்கை வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். சோளகக் காற்று ஓய்ந்து கடல் இறங்கினதும் போவதாகக் கதை. போகிறவர் போகட்டும், நமக்கு என்ன.

பௌதிகத் துறைக்காரரைப் பற்றி நீர் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம்.

பறுவ நிலவோடு,
அண்ணன்


பேராதனை,
08.04.2024

அண்ணைக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதைக் கண்டவுடன் ஸ்பிறிற் போத்தலைத் தட்டுகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அரக்கு ஸ்பிறிற்றில் கரையும். கரையும் என்றால் மிச்சமில்லாமல் கரையும். தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். நடுவில் உள்ள கடதாசியை நனைக்க வேண்டாம்.

நிலாந்தினி


நெடுந்தீவு கிழக்கு,
02.05.2024

அன்பின் தங்கச்சிக்கு,

சுகம். நீரும் சுகமாக இருப்பீர் என்று நம்புகிறேன், கோபமாகவும் இருப்பீர் என்று தெரியும்.

வருடப்பிறப்பு விடுமுறை, பிறகு லோஞ்ச் பழுது. உமது கடிதம் பிந்தித்தான் வந்தது. அதற்கிடையில் ஒரு தட்டுப் போய்விட்டது. பஞ்சில் ஸ்பிறிற்றை நனைத்து ஒரு வட்டம் துடைத்ததுதான். பூஞ்சணத்தோடு பாட்டும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நடுப்பகுதி முழுக்கப் பிசுபிசுப்பு. துடைத்தது நான்தான். யோசனையும் என்னுடையதுதான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

ஆனால் கேளும். காய்ந்த பிறகு ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டுக்காரி நன்றாகத் தொடங்குகிறாள். நடுவில் வந்ததும் படபடவென்று கடுகு வெடிக்கிறது. தாளிக்கிற சத்தமேதான். கொஞ்ச நேரம் வெடித்து ஓய்ந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரிக் கடைசி வரியைப் பாடி முடிக்கிறாள். முற்றத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "குசினிக்குள்ள நிண்டு பாடியிருக்கிறாள்" என்று அன்னபூரணம் மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இப்போது வருகிற எல்லோரும் முதலில் கேட்பது கடுகுத் தட்டைத்தான். நல்ல தட்டுகளுக்கு மதிப்பில்லை. தீவின் மேற்கிலிருந்து சைக்கிளில் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

உமது விசயத்தை நான் மறக்கவில்லை.

அன்பின்,
அண்ணன்


பேராதனை,
21.05.2024

அன்பின் அண்ணைக்கு,

இங்கே மழை. நான் சுகம். உங்கள் முழங்கால் சைக்கிள் மிதிக்கிறதா என்று அறிய விருப்பம்.

கடுகுத் தட்டைப் பற்றி வாசித்து, விரிவுரையாளர் அறையில் தனியாகச் சிரித்தேன். ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டு மூடினார்.

ஆனால் எனக்குச் சில சந்தேகங்கள். நம்முடைய வீட்டில் ஸ்பிறிற் என்ற பொருள் ஒருநாளும் இருந்ததில்லை. காலில் கல் வெட்டினாலும் நீங்கள் வேப்பெண்ணெயைத்தான் தேடுவீர்கள். பஞ்சும் இருந்ததில்லை. ஸ்பிறிற்றையும் பஞ்சையும் ஒன்றாக வைத்திருக்கிற ஆட்கள் எந்த வேலை பார்த்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்தது, யாரும் குற்றம் சாட்டாதபோதே "வேறு யாருக்கும் பங்கில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக, சாவி கொடுப்பது யார் என்று மார்ச் மாதம் கேட்டேன். இது மே.

நான் ஆய்வுகூடத்தில் பிழைப்பவள். முடிவை நானே எழுதிக்கொள்ளவா, நீங்கள் எழுதுகிறீர்களா?

அன்புடன்,
நிலாந்தினி


நெடுந்தீவு மத்தி,
19.06.2024

அன்பின் நிலாந்தினிக்கு,

கடவுள் கிருபையில் நீங்கள் நலமாக இருப்பீர்கள். நானும் நலம். என்னை உங்களுக்குப் பழக்கமில்லை. போன வருடம் நீங்கள் விடுமுறையில் வந்தபோது துறையில் கண்டேன். உங்கள் கையில் புத்தகம் இருந்தது, ஆகவே குறுக்கிடவில்லை.

அந்த ஸ்பிறிற் என்னுடையது. பஞ்சும் என்னுடையது. துடைத்ததும் நான்தான். இருபது வருடம் இந்தத் தீவில் மருத்துவமாதுவாக இருந்தேன். எதைக் கண்டாலும் ஸ்பிறிற் போட்டுத் துடைக்கிற கை இது. உங்கள் அண்ணன் அந்தப் பழியைத் தன் தலையில் போட்டது, மேசையில் கிடந்த உங்கள் கடிதத்தைக் கண்ட பிறகுதான் எனக்குத் தெரியும். சாவி கொடுப்பதும் நான்தான்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. அவர் தினமும் பேனையை எடுத்து மேசையில் இருக்கிறார். பிறகு எழும்பிப் போய் ஊமத்தம்பூவைத் துடைக்கிறார். குழலில் முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்துவிட்டார். இந்த விதத்தில் பதில் வராது என்பதால் நான் எழுதுகிறேன்.

நேரே சொல்கிறேன். சோளகம் ஓய்ந்ததும் தங்கை என்னை மண்டைதீவுக்கு வரச் சொல்கிறாள். அறை ஒழித்து வைத்திருக்கிறாள். போகவும் மனமில்லை, காரணமில்லாமல் இங்கே இருக்கவும் ஏலாது. ஆகவே போன மாதம் அவரிடமே கேட்டேன்.

"என்னைக் கட்டுறதெண்டால் கட்டும். இல்லாட்டிச் சாவி குடுக்க வேறை ஆளைப் பாரும்."

அவர் கையில் இருந்த முள்ளைக் கீழே போட்டுவிட்டார். "தங்கச்சி நிக்கேக்க நான் எப்பிடி, மிஸ், மாலை போடுறது? தங்கச்சியை வீட்டில வச்சுக்கொண்டு தான் கட்டினவன் எண்டு ஊர் சொல்லாதே?"

"எந்த வீட்டில வச்சுக்கொண்டு? அவ கண்டியில எல்லே இருக்கிறா. அவவுக்கு ஒரு பட்டாளம் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற வேலை."

"எங்க இருந்தாலும் தங்கச்சி தங்கச்சிதானே."

இதற்கு மேல் அவரிடம் நியாயம் பேச முடியவில்லை. நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பது அவருக்குப் பிரச்சினை இல்லை. ஊரும் பத்து நாள் கதைத்துவிட்டு விட்டுவிடும், அவர்களின் பாதிப் பேரைப் பிறக்கச் செய்தவள் நான். தடையாக நிற்பது நீங்கள் ஒருவர்தான், அதுவும் உங்களுக்குத் தெரியாமல்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கெதியாகக் கலியாணம் கட்டுங்கள். அல்லது கட்டமாட்டீர்கள் என்பதை அவர் மனம் ஆறும்படி சொல்லுங்கள். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

செபத்தில் உங்களை நினைக்கும்,
ஜசிந்தா


பேராதனை,
03.07.2024

அன்பின் அண்ணைக்கு,

நலம். உங்களிடமிருந்து கடிதம் இல்லை. காற்றுக் காலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன கடிதத்தில் கேட்ட கேள்விகளை நீங்கள் மறந்துவிடலாம். இன்று வேறொரு விசயம். நன்றாக இருந்துகொண்டு வாசியுங்கள்.

அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் தங்கைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது அண்ணன். அது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். தங்கைக்குச் சேர வேண்டிய சீதனத்தைக் குறைவில்லாமல், ஊரறியக் கொடுப்பது. அவ்வளவுதான். மாப்பிள்ளை வருவதும் வராததும் மாப்பிள்ளையின் பாடு. அவர் வரவில்லை என்பதற்காக அண்ணன் தன் கடமையைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே என் சீதனத்தை இப்போதே தாருங்கள்.

நீங்கள் சிரிப்பீர்கள். சீதனத்தை எதிர்த்து மேடையில் பேசியவள் நான். அந்தப் பேச்சில் இப்போதும் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். மாப்பிள்ளை வாங்கினால்தான் அது தப்பு. மாப்பிள்ளை இல்லாமல் நானே வாங்கி நானே வைத்திருப்பதில் எந்தக் கொள்கையும் கெடவில்லை.

காணி வேண்டாம். வீடு வேண்டாம். அம்மாவின் சங்கிலி என்னிடம் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஊமத்தம்பூக் கிராமபோன். பெட்டிகள் இரண்டில் ஒன்றைத் தந்து சமாளிக்க நினைக்க வேண்டாம். அன்னபூரணம் மாமியைச் சாட்சியாக வைத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அனுப்ப வேண்டும்.

அது என் கைக்கு வந்த நாளிலிருந்து உங்களுக்கு என்மேல் ஒரு கடமையும் மிச்சமில்லை. ஊரில் யாராவது கேட்டால், "தங்கச்சியைச் சீதனம் குடுத்து அனுப்பியாச்சு" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். அதன் பிறகு உங்களுடைய நாட்கள் உங்களுடையவை.

பதில் கடிதம் வேண்டாம். பூவை அனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி,
நிலாந்தினி


நெடுந்தீவு கிழக்கு,
06.08.2024

அன்பின் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். "எல்லோரும்" யார் என்று கடைசியில் வரும்.

உமது கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் கோபம் வந்தது. இருக்கிறதில் நல்லதைத்தான் கேட்டிருக்கிறீர். பிறகு அழுகை வந்தது, அது எதற்கென்று தெரியவில்லை. சிறிய பெட்டியைத் தரலாமா என்று அன்னபூரணம் மாமியிடம் கேட்டேன்.

"சீதனம் கேட்டால் கேட்டதைக் குடுக்கவேணும். பழசைக் குடுத்து ஏமாத்தப்படாது."

"மூண்டும் பழசுதான் மாமி."

"அப்ப பெரிய பழசைக் குடு."

நீர் சொன்னபடியே செய்தேன். தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, தேசிக்காய். குழலை என் பட்டு வேட்டியால் சுற்றினேன். கீழ்ப்பெட்டியை உழவு இயந்திரத்தில் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒவ்வொரு படலையிலும் ஆட்கள். "ஆர் கலியாணம்?" என்று கேட்கக் கேட்க மாமி, "கலியாணம் இல்லை, சீதனம் மட்டும் போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். லோஞ்ச்காரன், "பொம்பிளையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, நல்ல செலவு குறைஞ்ச கலியாணம்" என்றான். குறிகட்டுவானிலிருந்து துஷ்யந்தன் தன் லொறியில் ஏற்றிக்கொள்வான். மரக்கறி எடுக்கத் தம்புள்ளைக்குப் போகிறவன், உமக்காகக் கண்டிவரை வருகிறான். கடுகுத் தட்டையும் நாகதாளி முள்ளையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

லோஞ்ச் போய் மறையும்வரை நின்றேன். தோளில் இருந்து நெல் மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. நீர் எழுதினது சரி. நான் எத்தனையோ வருடமாக மாப்பிள்ளையின் வேலையையும் சேர்த்து என் கடமை என்று நினைத்திருந்தேன்.

அப்படியே ஜசிந்தா மிஸ் வீட்டுக்கு நடந்தேன். அவர் படலையில் நின்று ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, பூவைக் குடுத்திட்டீரோ? அப்ப நான் எதுக்குச் சாவி குடுக்கிறது?"

"மிச்சம் ரெண்டு பெட்டி கிடக்குத்தானே, மிஸ்," என்றேன்.

நான் கேட்ட விதம் அவ்வளவுதான். அவர் ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம்" என்றார். குழை முழுவதையும் ஆடு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

உமது கேள்விகளுக்குப் பதில்: ஸ்பிறிற் அவருடையது, யோசனை அவருடையது, சாவி கொடுப்பதும் அவர். அவர் வேதம். இதற்கு நீர் என்ன சொல்வீர் என்ற பயம் இன்னும் இருக்கிறது. செப்ரெம்பரில் கலியாணப் பதிவு வைக்கலாம் என்று இருக்கிறோம். என் பக்கத்தில் நிற்க நீர் ஒருவர்தான்.

உமது சம்மதத்துக்குக் காத்திருக்கும்,
அண்ணன் குருபரன்


பேராதனை,
24.08.2024

அன்பின் அண்ணைக்கு,

நான் நலம். சீதனமும் நலமாக வந்து சேர்ந்தது. துஷ்யந்தன் அதை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்து வைத்துவிட்டு, "மாப்பிள்ளை எங்க அக்கா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். சம்மதம் மட்டும் போதாது, எனக்குச் சந்தோஷம். யார் எந்தக் கோயிலில் கும்பிடுகிறார்கள் என்பதில் எனக்கு ஒருநாளும் அக்கறை இருந்ததில்லை, நானே எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. செப்ரெம்பர் விடுமுறையில் வருகிறேன். பூவையும் கொண்டுவந்து முற்றத்தில் பாட விடுவேன். ஆனால் திரும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டுதான் போவேன். சீதனம் சீதனம்தான்.

வந்த அன்று மாலையே கடுகுத் தட்டைப் போட்டேன். கீழ்வீட்டுச் சிங்களப் பேராசிரியரும் மனைவியும் என்ன வெடிக்கிறது என்று பதறி மேலே வந்தார்கள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் கதிரையோடு வருகிறார்கள். எனக்கு இப்படிப் பொழுது போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

இனி வருவது உங்களுக்கு மட்டும். இந்தப் பக்கத்தை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

இது ஒற்றை ஆளால் ஆகாது, நடுவில் சாவி கொடுக்க இரண்டாவது ஆள் கட்டாயம் என்று பெப்ரவரியில் எழுதியிருந்தீர்கள். இங்கே இரண்டாவது ஆள் இல்லை. ஆகவே கைபிடி இதற்கு மேல் போகாது என்னும்வரை சுற்றிவிட்டுத் தட்டைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பாட்டு முடிந்தது. குரல் ஓர் இழையும் இறங்கவில்லை. தட்டைத் திருப்பிப் போட்டேன், சாவி கொடுக்காமலே. அதிலும் பாதிக்கு மேல் பாடிய பிறகுதான் தளர்ந்தது. ஒருமுறை பார்த்து நம்பக் கூடாது என்பதால் வெவ்வேறு நாட்களில் திரும்பவும் செய்தேன். அதே முடிவு.

அரைச் சாவியோடு தொடங்கினால் மட்டுமே பாட்டு நடுவில் விழும். தபாற்கந்தோரில் தராசும் கணக்கும் பார்த்த மனிதருக்கு இது தெரியாமல் இருந்தது என்று நான் நம்பத் தயாரில்லை.

ஜசிந்தா மச்சாளுக்கு நான் சொல்லமாட்டேன்.

உங்கள் தங்கச்சி,
நிலாந்தினி


நெடுந்தீவு கிழக்கு,
20.10.2024

அன்பின் மச்சாளுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அவருடைய முழங்காலை வைத்தியரிடம் காட்டினேன். எண்ணெய்ப் போத்தல் இப்போது என் அலுமாரிக்குள், பூட்டி. நீங்கள் பூவோடு பத்திரமாக மலையேறினீர்களா? வாடை தொடங்கப் போகிறது, இருமலைக் கவனியுங்கள்.

பதிவன்று நீங்கள் பாட்டுப் போட்டது இன்னும் ஊரில் கதை. பதிவாளர் கையெழுத்து வாங்குகிற நேரம் பார்த்துக் கடுகு வெடித்ததை அன்னபூரணம் மாமி படலைக்குப் படலை சொல்லித் திரிகிறார். மண்டைதீவிலிருந்து வந்த என் தங்கை, ஒழித்து வைத்த அறையில் இனி ஆட்டைக் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மட்டக்குதிரையும் வந்து மதிலில் நின்றதாம். நான் காணவில்லை, தலையில் முக்காடு.

உங்கள் கடிதங்களை எல்லாம் அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓகஸ்ட் மாதக் கடிதத்தில் மட்டும் கடைசிப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். சட்டையைத் தோய்க்கிறது நான் என்பதை யோசிக்கவில்லை.

மச்சாள், உங்களுடைய பரிசோதனை சரி. ஆனால் நான் அதை உங்களுக்கு முன்னமே செய்துவிட்டேன். முதல் நாள் பாட்டுக் கேட்க வந்தபோது, பாட்டு விழப் பார்க்குது, கொஞ்சம் சாவி குடும் மிஸ் என்று கேட்டார். கொடுத்தேன். அடுத்த தட்டைத் தொடங்க முதல் அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார். நான் சும்மா இருக்க முடியாமல் கைபிடியை முழுக்கச் சுற்றிப் பாட்டைப் போட்டேன். ஒருவரும் தொடாமல் அது கடைசிவரை பாடி முடித்தது.

அவர் இரண்டு கோப்பையோடு ஓடி வந்தார். "என்ன மிஸ், விழேல்லையோ?"

அவருடைய முகத்தைப் பார்த்தேன். "விழப் பாத்தது. நான்தான் ஓடி ஓடிச் சாவி குடுத்தனான்," என்றேன்.

"நான் சொன்னன்தானே, இதுக்கு ரெண்டு பேர் வேணும்," என்றார்.

இதை அவருக்கு நானும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். இப்போதும் பின்னேரம் நான் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நிற்க, உள்ளே இருந்து, "ஓடி வாரும், பாட்டு விழப்போகுது" என்று கூப்பிடுகிறார்.

நானும் ஓடித்தான் போகிறேன்.

உங்கள் அன்பின்,
ஜசிந்தா மச்சாள்